கல்லச்சில் மடிந்த சேலை: ரவிவர்மா அச்சகத்தின் திருமகள், கலைமகள் படங்களில் மாதிரிப்பெண்ணும் துகிலும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரவிவர்மா அச்சகம் வெளியிட்ட திருமகள், கலைமகள் கல்லச்சுப் படங்கள் தமிழகத்து வீடுகளிலும் தொழிற்கூடங்களிலும் வழிபடு படிமங்களாக நிலைபெற்றன. இப்படங்களின் சேலையை அக்காலப் பெண்களின் உடைக்கு நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாது என்பதும், அது ஓவியக்கூடத்தில் மாதிரிப்பெண்மீது ஒழுங்குசெய்யப்பட்ட துகில் என்பதும், இரு கைகளையுடைய மாதிரியை நான்கு கைகளையுடைய தெய்வமாக்கும் வேலையை அத்துகிலே செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள். அச்சுப்படத்தின்மீது மெய்த்துணி தைத்து மீண்டும் உடுத்திய தமிழ் வழக்கம், இவ்வாதத்தின் ஒளியில் புதிதாக நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கல்லச்சு, ரவிவர்மா, மாதிரிப்பெண், துகில், தோள்சீலை, அலங்காரம், திருவள்ளூர்

முன்னுரை

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் ஆயுத பூசையன்று கடைசல் எந்திரத்துக்கும் எடைமேடைக்கும் பொட்டிடுவதற்குமுன், சுவரில் மாட்டிய திருமகள், கலைமகள் படங்களின் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. அப்படங்கள் அண்மையில் அச்சானவை. தாளும் மையும் இக்காலத்தவை. அவற்றின் உருவமைதியோ பழையது. தாமரைமேல் நிற்கும் திருமகளும், நீர்நிலையோரப் பாறையில் வீணையுடன் அமர்ந்த கலைமகளும் 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகத்தின் கல்லச்சுகள் வழியாகவே இத்துணை பரவலாக நம்மிடம் வந்துசேர்ந்தனர்.

இவ்வச்சுப்படங்களைப் பற்றிய ஆய்வு குறைவன்று. பார்த்தா மித்தர் தேசிய உணர்வோடும், கீதா கபூர் நவீனத்துவத்தின் சிக்கல்களோடும், தபதி குஹா-தாக்குர்த்தா பெண்ணுருவத்தோடும், கிறிஸ்டோபர் பின்னி வழிபாட்டுப் பார்வையோடும், கஜ்ரி ஜெயின் சந்தையோடும் இவற்றை இணைத்துக் காட்டியுள்ளனர். முகம், பார்வை, புராணக் கதை, வணிகம் ஆகியவை விரிவாகப் பேசப்பட்டன. படத்தின் பரப்பில் பெரும்பகுதியை நிரப்புவது துணி. அத்துணி என்ன வேலை செய்கிறது என்ற வினாவுக்குப் போதிய இடம் தரப்படவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஓவியக்கூடத்துத் துகில்

ஐரோப்பியக் கலைக்கழகங்களில் மாணவர் பெற்ற பயிற்சியில் துகில் தனியொரு பாடம். மாதிரி ஒருவரை மேடையில் நிறுத்தி, துணியை அவர் உடலில் சார்த்தி, மடிப்புகள் குலையாதவாறு ஊசி குத்தி நிறுத்துவர். மாதிரி களைத்துவிட்டால் துணியை மரப்பொம்மைக்கு மாற்றி மடிப்பை மட்டும் வரைவர். இப்பயிற்சிக்குரிய முன்மாதிரிப் படங்களும் கல்லச்சாகவே பரவின. ஷார்ல் பார்க் என்பவர் ழெரோமின் துணையோடு 1866 முதல் 1871 வரை பாரிசில் வெளியிட்ட வரைபயிற்சித் தொகுதி இதற்குப் பெயர்பெற்ற சான்று. அதாவது, கல்லச்சுக்கும் மாதிரியுருவுக்கும் உள்ள உறவு ரவிவர்மாவுக்கு முந்தையது. அங்கு அச்சு மாணவனுக்குப் பாடம். இங்கு அதுவே அடியவருக்குத் தெய்வம்.

ரவிவர்மா (1848-1906) எக்கலைக்கழகத்திலும் பயின்றவரல்லர். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியிலும் அவர் மாணவராக இருந்ததில்லை. 1868இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் எண்ணெய்வண்ணம் தீட்டுவதை அருகிருந்து பார்த்துக் கற்றார் என்பதே வாழ்க்கை வரலாறுகள் தரும் செய்தி. இருப்பினும் மாதிரியை அமர்த்தி வரையும் முறை அவரிடம் உறுதியாக இருந்தது. அவருடைய மாதிரிகள் இரு வகையினர். 1893ஆம் ஆண்டின் ‘அதோ அப்பா வருகிறார்’ ஓவியத்தில் குழந்தையுடன் நிற்பவர் அவருடைய மகள். உடுத்தியிருப்பது முண்டும் நேரியதும். யார், எவ்வூர், எக்குடி என்பதனைத்தையும் அவ்வுடையே சொல்லிவிடுகிறது. மற்றொரு வகையினர் பம்பாயில் அமர்த்தப்பட்ட பெண்கள். அவர்களுள் ராஜிபாய் மூல்காவ்கர் என்ற பெயர் மட்டும் வரலாறுகளில் அடிக்கடி குறிக்கப்பெறுகிறது. குடும்பத்துப் பெண் தம் உடையோடு ஓவியத்தில் நுழைகிறார்; அமர்த்தப்பட்ட பெண்ணோ தம் உடையைக் கழற்றிவைத்துவிட்டு ஓவியர் தரும் உடையில் நுழைகிறார். திருமகள், கலைமகள் படங்களின் சேலையைப் படிக்கும்போது முதலில் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

ஓவியர் தந்த அவ்வுடை எந்நிலத்தது? பரோடா அரண்மனைக்குப் புராண ஓவியங்கள் எழுதப் புகுமுன் ரவிவர்மாவும் தம்பி ராஜராஜவர்மாவும் வடநாடு சுற்றி, அனைவருக்கும் பொதுவான தொல்லுடை ஒன்றைத் தேடினர் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. அவ்வாறு ஒன்று அகப்படவில்லை. அகப்படாததை ஓவியக்கூடத்தில் ஆக்கிக்கொண்டனர் எனலாம். முன்கொசுவமும் தோளில் ஏறும் முந்தானையும் சரிகைக் கரையும் ரவிக்கையும் சேர்ந்த ஒரு கோலம் அது. 1889ஆம் ஆண்டின் ‘இசைக்கலைஞர் குழு’ ஓவியத்தை இதனோடு ஒப்பிட வேண்டும். இன்று மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள அவ்வோவியத்தில் ஒவ்வொரு பெண்ணின் உடையும் அவள் எச்சமூகத்தவள், எந்நிலத்தவள் என்று பிரித்துக் காட்டுகிறது. தெய்வப் படங்களின் உடை அவ்வேறுபாட்டை அழிக்கிறது. ஒரே ஓவியர் துகிலை இரு எதிரெதிர்ப் பணிகளுக்கு ஏவியிருக்கிறார்.

எனவே, தொண்டைமண்டலத்து உழவுப் பெண்களின் பின்கொசுவக் கட்டு இப்படங்களில் காணப்படாமையைக் கொண்டு அக்கட்டு அன்று அருகியிருந்தது என்று முடிவுகட்ட இடமில்லை. பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர் காலத்தில் கப்பலேறிய கட்டம்போட்ட துணி ஊர்ப்பெயராலேயே ஐரோப்பியச் சந்தையில் அறியப்பட்டது. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை ஆகிய ஊர்கள் இன்றளவும் நெசவூர்கள். இத்தறிகளின் மரபு எதுவும் அச்சுப்படத்துச் சேலையில் அடையாளம் காணத்தக்கவாறு இல்லை. அச்சேலைக்கு நெசவூர் கிடையாது.

இரு கைகளும் நான்கு கைகளும்

துகிலின் மறைமுகமான பணி உடற்கூறு சார்ந்தது. கல்லச்சைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இது விளங்கும்.

மாதிரிப்பெண்ணுக்கு இரு கைகள், தெய்வத்துக்கு நான்கு. கலைமகள் படத்தில் முன்னிரு கைகள் வீணையை மீட்டுகின்றன. விரல்களின் வளைவும் மணிக்கட்டின் சாய்வும் ஒருத்தி உண்மையிலேயே வீணையை ஏந்தி அமர்ந்திருந்தாள் என்று நம்பவைக்கின்றன. பின்னிரு கைகளில் ஏடும் செபமாலையும் உள்ளன. அவையும் தசை திரண்ட மெய்யான கைகளே. ஒளியும் நிழலும் அவற்றில் முன்கைகளைப் போலவே விழுகின்றன. ஆனால் அவை எவ்விடத்தில் தோளோடு பொருந்துகின்றன என்று தேடினால் கண் துணியில் முட்டி நிற்கும். ரவிக்கையும் முந்தானையும் கூந்தலும் அப்பொருத்தை மூடிவிடுகின்றன. உடற்கூற்று மெய்ம்மையை நம்பி எழுதப்படும் ஓவியத்தில் நான்கு தோள்மூட்டுகளைத் திறந்து காட்டினால் அது தெய்வமாகத் தோன்றாது, ஊனமாகத் தோன்றும். படத்தின் மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தீர்த்தது ஒரு முழம் துணி.

சோழர் செப்புத்திருமேனிகளில் இவ்விடர்ப்பாடே எழவில்லை. அங்கும் நான்கு கைகள் உண்டு. அவை கிளைவிடும் இடம் ஒளிக்கப்படுவதில்லை. மரத்தில் கிளை பிரிவதுபோல் தோளிலிருந்து இயல்பாகப் பிரிகின்றன. உடலே அளவுநூல் முறைப்படி அமைந்த உருவாதலின், எலும்பு எங்கே என்று எவரும் கேட்பதில்லை. இடையாடை உடலோடு ஒட்டிய கோடுகளாகப் பொறிக்கப்படுகிறது. திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியருள் திருமகளைப் பிரித்தறியும் குறிகளில் ஒன்று மார்புக்கச்சு. நிலமகளுக்கு அது இல்லை. ஒரு துண்டுத் துணி அங்கே எழுத்தைப்போல் பொருள் தருகிறது. அச்சுப்படத்தின் ரவிக்கை அவ்வாறு எதையும் பிரித்துக் காட்டவில்லை. மூடுவதே அதன் பணி.

ஆனந்த குமாரசுவாமி ரவிவர்மாவின் தெய்வ ஓவியங்களில் நாடகத்தன்மையும் கற்பனை வறட்சியும் கண்டு அவற்றை ஏற்க மறுத்தார். அவருடைய மறுப்பில் உண்மையுண்டு. ஆயினும் அவர் குறையெனக் கண்ட அம்மெய்ம்மைதான் படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அண்டைவீட்டுப் பெண்போல் இருக்கும் தெய்வம் சுவரில் நின்றது. சந்தனம் பூச ஆள் கிடைத்தது.

கல்லில் ஏறிய மடிப்பு

எண்ணெய் ஓவியத்துத் துகிலும் அச்சுத் துகிலும் ஒன்றல்ல. கல்லச்சு முறையைச் செனஃபெல்டர் பவேரியாவில் 1796-1798 அளவில் கண்டுபிடித்தார். சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லின் மெருகிட்ட பரப்பில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். நனைந்த இடம் மையை ஒதுக்கும். பல வண்ணப் படத்துக்கு ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். பெரிய படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படலாம். மூல ஓவியத்தைக் கற்களுக்கு உரியவாறு வண்ண வண்ணமாகப் பிரித்தவர்கள் அச்சகத்தின் கைவினைஞர்கள். ரவிவர்மா அச்சகத்தில் இத்தொழிலுக்கு ஜெர்மானியர் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் பின்னர் அச்சகத்தையே விலைக்கு வாங்கினார். அச்சுப்படத்தின் சேலை மடிப்பை இட்டது யார் கை என்று கேட்டால், ரவிவர்மாவின் கை என்று ஒரு சொல்லில் விடைகூற முடியாது.

வண்ணத்தைக் குழைத்துத் தீட்டும்போது மடிப்பின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நிறம் இடையறாது இறங்கும். கல்லில் அவ்விறக்கம் புள்ளிகளாலும் கீற்றுகளாலும் அமைய வேண்டும். கற்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிறப்படிகள் குறையும். அதனால் மடிப்பு நுண்மையை இழந்து கோடாக இறுகுகிறது. ஒலியோகிராஃப் எனப்பட்ட வகையில் மேலே மெருகெண்ணெய் பூசி, துணித்திரையில் தீட்டிய ஓவியம்போல் பரப்பில் நெசவுப் பதிவு இடுவதும் உண்டு. சேலையின் நெசவை இழந்த படம் திரைத்துணியின் நெசவைப் போலியாகப் பெற்றது என்பது கவனிக்கத்தக்க முரண்.

இழப்பு மட்டும் நேரவில்லை. கோடாக இறுகிய மடிப்பு பார்த்து வரைவதற்கு எளிது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணவர்களும் சிவகாசி நாட்காட்டிகளுக்கு எழுதிய தெய்வப் படங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகத்தை நிறைத்தன. கொண்டையராஜு சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் பள்ளியினர் தீட்டிய தேவியரின் சேலையில் ரவிவர்மா அச்சின் கோலம் தெரிகிறது; மாதிரிப்பெண்ணின் எடையோ உடற்சோர்வோ தெரியவில்லை. உடல் விலகிப் போய்த் துகில் மட்டும் தொடர்ந்து வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பட்டறைச் சுவரில் உள்ள படம் பெரும்பாலும் இவ்வழியில் வந்த வாரிசே.

உடுத்தும் உரிமை

ரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரில் பெண்ணின் மேலாடை அழகியல் பொருளாக மட்டும் இருந்ததில்லை. இன்று குமரி மாவட்டமாக உள்ள தென்திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கிப் பல கட்டங்களாக நீண்டது. சென்னை ஆளுநர் டிரெவிலியனின் அழுத்தத்துக்குப் பின், 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா பிறப்பித்த அறிவிப்பு மேலாடைக்கு இசைவளித்தது. ஆனால் உயர்குடிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற வரம்பையும் உடன்வைத்தது. உடுத்தலாம், ஆனால் அப்படி உடுத்தக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மடிப்பு முறை சட்டத்தின் பொருளாயிற்று. அப்போது ரவிவர்மாவுக்கு வயது பதினொன்று.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டில் பிறந்தவரின் அச்சகம், எச்சாதிக்கும் எவ்வூருக்கும் உரியதல்லாத ஓர் உடைக்கோலத்தைத் தெய்வத்துக்கு உடுத்தி, பல படிகளாக்கி, காசு கொடுக்கும் எவருக்கும் விற்றது. ஓவியரின் உள்நோக்கம் அதுவென்று கூற இங்கு முற்படவில்லை. அரண்மனைகளுக்கு எழுதியவரைச் சமூகச் சீர்திருத்தக்காரராக்குவது பொருந்தாது. விளைவு வேறு. ஊரையும் குடியையும் அழித்த துகில் ஒருபுறம் பின்கொசுவத்தையும் முண்டையும் கண்ணிலிருந்து அகற்றியது. மறுபுறம், உடுத்தும் முறையால் ஒருத்தியின் சாதியை அறியும் வழியையும் தெய்வ உருவிலிருந்து அகற்றியது. முன்னதை மட்டும் இழப்பாகக் கணக்கிடும் திறனாய்வு பாதிக் கணக்கையே எழுதுகிறது. தோள்சீலை வரலாறும் அச்சுப்பட வரலாறும் தமிழாய்வில் வெவ்வேறு துறைகளாகப் பிரிந்து கிடப்பதால் இவ்விணைப்பு கவனம் பெறவில்லை.

மீண்டும் உடுத்தல்

கல்லில் இறுகிய சேலையைத் தமிழ் வீடுகள் அப்படியே ஏற்றுக்கொண்டனவா? இல்லை என்பதற்குப் பொருட்சான்றுகள் உள்ளன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்த ரவிவர்மா அச்சுப்படங்கள் சிலவற்றில், அச்சிட்ட சேலையின்மேல் மெய்யான துணி வெட்டி ஒட்டப்பட்டும் தைக்கப்பட்டும் உள்ளது. சரிகை, சமிக்கி, மணிகள் பதித்து நகைகள் ஆக்கப்பட்டுள்ளன. முகமும் கைகளும் பாதங்களும் மட்டும் அச்சாகவே விடப்பட்டிருக்கின்றன.

முகம், கை, பாதம் என்னும் இம்மூன்றும் தற்செயலாக எஞ்சியவையல்ல. கோயிலில் உற்சவத் திருமேனிக்கு அலங்காரம் செய்தபின் நமக்குக் காட்சி தருபவை இவையே. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலிலும், தனிச் சன்னதி கொண்ட கனகவல்லித் தாயாருக்கும், பட்டர்கள் பட்டைக் கொசுவி, நாடாவால் கட்டி, மாலை சாத்தி அலங்காரம் செய்கின்றனர். செப்புமேனியில் பொறித்த ஆடை உண்டு என்பதற்காகத் துணி சாத்தாமல் இருப்பதில்லை. பொறித்த ஆடை திருமேனியின் பகுதி. சாத்திய ஆடை அடியவரின் பகுதி. பின்னது நாள்தோறும் களையப்படுவது, மாற்றப்படுவது, பிரசாதமாகவும் தரப்படுவது. துகில் சார்த்திய உருவத்தைப் பார்க்கும் பழக்கம் தமிழருக்கு ஓவியக்கூடம் கற்றுத்தந்ததன்று. ஓவியக்கூடத்தில் துணி சார்த்துவது வரைவதற்காக. வரைந்து முடிந்தால் துணிக்கு வேலையில்லை. கோயிலில் சார்த்துவதே செயல்.

அச்சின்மேல் துணி தைத்த கை, இக்கோயில் வழக்கத்தைத் தாளுக்குக் கொண்டுவந்தது. அதை ஒப்பனை என்றோ நாட்டார் கைவேலை என்றோ கூறி நகர்ந்துவிடுவது போதாது. மாறாத சேலையோடு வந்த தெய்வத்துக்கு வீட்டுப் பெண்ணோ தையற்காரரோ ஒரு முறையேனும் சேலை மாற்றியிருக்கிறார். கண்ணாடிச் சட்டத்துக்குள் போனபின் அதுவும் மாறாததாயிற்று என்பது உண்மை. ஆயினும் நெசவூர் இல்லாத அச்சுச் சேலைக்கு மேல் ஏதோ ஒரு தறியில் நெய்த துணி ஏறியிருக்கிறது. உடை வரலாற்றுக்குச் சான்று வேண்டுவோர் தேட வேண்டியது அத்துணியையே. அதன் இழை, சாயம், கரை ஆகியவற்றைக் கொண்டு அது ஆலைத்துணியா கைத்தறியா, எவ்வட்டாரத்தது என்று ஆராய முடியும். அச்சுச் சேலையைக் கொண்டு முடியாது.

அருங்காட்சியகப் பதிவேடுகளுக்கும் களஆய்வுக்கும் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. படத்தை ஓவியர் பெயரிலும் அச்சகத்தின் பெயரிலும் பதிந்தால் துணி ‘பிற்சேர்க்கை’ ஆகிறது. தூய்மைப்படுத்துவோர் அதை அகற்றவும் நேரிடலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் பழைய வீடுகள் இடிபட்டுத் தொழிற்பேட்டைக் குடியிருப்புகளாகிவரும் இக்காலத்தில், அவ்வீடுகளின் பூசையறைப் படங்களைத் தொகுப்போர் சட்டத்தைத் திறக்குமுன் துணியின் இருப்பையும் தையலின் முறையையும் ஒளிப்படமெடுத்துப் பதிவது நலம். ஒளிபட்ட அச்சுமை காலப்போக்கில் வெளிறும். துணி மூடிய இடத்தில் வெளிறல் குறைவு. ஆகவே தையல் பிரிந்த ஒரு படத்தில் முகமும் கைகளும் மங்கியிருக்க, அச்சுச் சேலை மட்டும் புதுநிறத்தோடு, விளிம்பு நெடுக ஊசித்துளைகளோடு வெளிப்படக்கூடும். அத்துளைகளின் வரிசையை மாதிரிப்பெண்ணின் முந்தானை விளிம்போடு பொருத்திப் பார்த்தால், துணி தைத்தவர் ஓவியரின் மடிப்பைப் பின்பற்றினாரா, தம் வீட்டு முறைப்படி வேறாகக் கொசுவினாரா என்பது தெரியவரும்.